மூன்று தாடைகள்

ஆசிரியர் என்னிடம் கேட்டது ஒரு கவிதைத் தொகுதியைப் பற்றிய கட்டுரை. தருகிறேன், தருகிறேன் என்று நான்கு மாதங்களை ஓட்டிவிட்டேன். தொகுதியை மூன்று முறை படித்தாயிற்று. குறிப்புகளும் இருக்கின்றன. குறிப்புகளின் முதல் வாக்கியம் 'இவருடைய மொழி இறுகிவிட்டது' என்பது. அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. எழுத முடியாமல் போனதற்கு ஒரு டிரில் மிஷினின் சக் காரணம் என்று சொன்னால் சாக்குப்போக்காகத்தான் படும். சாக்குப்போக்கும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்தச் சக்கோடு மூன்று வாரம் மல்லுக்கட்டிய பிறகு, இறுகிவிட்டது என்ற சொல்லை முன்போல் அத்தனை சுலபமாக இன்னொருவர் மேல் எறிந்துவிட எனக்குக் கை வரவில்லை. அந்தக் கட்டுரைக்குப் பதிலாக இது.

மிஷின் அப்பாவுடையது. அரை அங்குல மிஷின். அலுமினிய உடம்பு, பின்பக்கம் மண்வெட்டிப் பிடி மாதிரி ஒரு கைப்பிடி, கனம் ஒரு கைக்குழந்தையின் கனம். இப்போது கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் மிஷின்களைப் போல முன்னும் பின்னும் சுற்றாது, ஒரே திசைதான். அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்தவர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரில் ஒரு ஜாதி மனிதர்கள் உருவாகியிருக்கிறார்கள்: ஒரு பேரிங்கின் சத்தத்தைக் கேட்டு அது இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று சொல்லக்கூடியவர்கள். இவர்களைப் பற்றி நம் இலக்கியத்தில் ஒன்றும் கிடையாது. சாதி, நிலம், குடும்பம், காமம் எல்லாம் இருக்கிறது. பேரிங் சத்தம் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அப்பா வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஒரு பட்டறை வைத்துக்கொண்டார். ஒரு மர பெஞ்சு, ஒரு வைஸ், சாணைக் கல், ஆணியடித்து மாட்டிய ஸ்பேனர்கள். வீடு ஊருக்கு மேற்கே, அய்யனார் கோவிலுக்குப் போகும் ரோட்டில், மாந்தோப்புகள் ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கிறது. மலை பக்கம். ஐப்பசி கார்த்திகையில் காலை ஒன்பது மணிவரை எல்லாப் பொருள்கள் மேலும் ஈரம் உட்கார்ந்திருக்கும். உப்பு ஜாடி கசியும், தீப்பெட்டி நமர்க்கும். இரும்புக்கு எண்ணெய் பூசாமல் வைத்தால் ஒரு வாரத்தில் பழுத்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் புத்தகங்களுக்கு அலமாரி வேண்டியிருந்தது. தரையில் இடமில்லை. பரணின் காங்கிரீட்டிலிருந்து கம்பிகளில் தொங்கவிடலாம் என்பது அப்பாவின் யோசனை. ஓட்டை போடுவது என் பொறுப்பு. கீழே நின்றுகொண்டு மேல்நோக்கிப் பத்து மில்லிமீட்டர் ஓட்டைகள் எட்டு. இந்த மிஷினுக்குச் சம்மட்டி அடி கிடையாது. சும்மா சுற்றும், அவ்வளவுதான். ஒவ்வொரு ஓட்டைக்கும் அரை மணி நேரம், நடுநடுவே உளியால் குத்திக் குத்தி. தலை, மீசை, கண் இமை எல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. மேல்நோக்கித் துளைக்கும்போது தூள் எங்கே விழும் என்று நான் யோசிக்கவில்லை. அது நேராகச் சக்கின் வாய்க்குள் விழும்.

சாயங்காலம் அப்பா கேட்டார்: "மிஷினத் தொடச்சியாடா?"

"தொடச்சிட்டேம்ப்பா."

"பிட்ட வெளிய எடுத்தியா?"

"எடுத்துட்டேன்."

இரண்டும் பொய். அலுப்பு; அன்றைக்கே புத்தகங்களை அடுக்கிப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம். பிட்டோடு மிஷினைக் கொண்டுபோய்ப் பட்டறைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். மூக்கு மேலே பார்த்தபடி. அந்த வருஷம் நல்ல மழை. அடுத்த பங்குனியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. அதற்கப்புறம் யாரும் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை.

பேச்சு முழுவதும் போனது என்பதும் சரியில்லை. ஒரு சொல் தங்கியது: 'அது.' தண்ணீர் வேண்டுமென்றால் அது. ஜன்னலைச் சாத்தச் சொல்ல அது. அம்மா மேல் கோபம் வந்தால் நீளமான, ஏற்ற இறக்கமுள்ள ஓர் அது. தொல்காப்பியர் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறார். உகரச் சுட்டு நம்மிடமிருந்து போய்விட்டது. யாழ்ப்பாணத்தில்தான் உயிரோடு இருக்கிறது. அப்பாவிடமிருந்து இகரமும் போய்விட்டது. பக்கத்தில் இருப்பதும் அவருக்கு அது, தூரத்தில் இருப்பதும் அதுதான். 1861-இல் பாரிசில் பால் புரோக்கா என்ற டாக்டர் பரிசோதித்த நோயாளிக்கும் ஓர் அசைதான் மிஞ்சியிருந்தது. நம் காதுக்கு அது 'தான்' என்று விழும். எது கேட்டாலும் தான், தான். அந்த மனிதன் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்து, பேச்சுக்கு இடப்பக்க முன்பகுதியில் ஓர் இடம் உண்டு என்று புரோக்கா சொன்னார். பிரெஞ்சுக்காரனுக்குத் தான், என் அப்பாவுக்கு அது என்று நான் இதை வைத்து ஒரு வேதாந்தம் பண்ணியிருக்க முடியும். பண்ணியும் பார்த்தேன், ஒரு நோட்டுப் புத்தகத்தில். பத்து வரி எழுதியபின் வெட்கமாகிவிட்டது.

இந்தச் சித்திரையில் அப்பா குளியலறையில் விழுந்தார். அடி பெரிதில்லை. சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதியுங்கள் என்று பயிற்சி கொடுக்க வருகிறவர் சொன்னார். ஸ்டீல் கம்பி, இரண்டு முனையிலும் தகடு, தகட்டுக்கு இரண்டாக நாலு ஓட்டை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் பத்து நிமிஷ வேலை. தம்பி பெங்களூரிலிருந்து போனில், "புது மிஷினே ஆர்டர் போட்டுர்றேண்ணே, நாளைக்கு வந்துரும்" என்றான். நான்தான், அப்பா மிஷின் இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்தபோது மிஷினின் உடம்பு அப்படியேதான் இருந்தது. ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் ஓடியது. ஆனால் சக் முழுவதும் செம்மண் நிறம். வாயில் அந்தப் பத்து மில்லிமீட்டர் பிட், கடித்தபடி. சாவியைப் போட்டுத் திருகினேன். மலையைத் திருகுவது போல.

சக் என்பதற்கு அகராதிகள் தரும் தமிழ்ச் சொற்களைப் பட்டறையில் சொன்னால் சிரிப்பார்கள். அது ஒரு பிடி. நம்மிடம் உடும்புப்பிடி உண்டு, குரங்குப்பிடி உண்டு. இரண்டுமே விடாத பிடிகள். விடவும் தெரிந்த பிடிக்கு நம் மொழியில் மரபுத்தொடர் ஏதும் எனக்கு ஞாபகம் வரவில்லை. பழைய தச்சர்களின் தமரில் சக் கிடையாது. மரக் கட்டையில் ஊசியை இறக்கி, கட்டையைச் சுற்றிக் கயிறு, கயிற்றுக்கு வில். வில்லை இழுக்க இழுக்க ஊசி சுற்றும். அந்த ஊசி அந்தக் கட்டைக்கே உரியது. இன்ன பருமன் ஓட்டைக்கு இன்ன தமர். ஒரே சுழற்சிக்கு எந்த ஊசியையும் மாட்டலாம், கழற்றலாம் என்பது பின்னால் வந்தது. ஸ்பேனர் போட்டு முறுக்கும் சக்குகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தன. அமெரிக்காவில் ஆர்தர் ஜேக்கப்ஸ் என்பவர் அப்படி ஒன்றை முறுக்கும்போது விரல் முட்டிகளைப் பெயர்த்துக்கொண்டார் என்றும், அந்த எரிச்சலில்தான் பல்சாவி போட்டுத் திருகும் சக்கைக் கண்டுபிடித்தார் என்றும் சொல்வார்கள். கதை உண்மையோ என்னவோ, 1902-இல் காப்புரிமை அவர் பெயருக்குத்தான். அதற்கப்புறம் அடிப்படையில் மாற்றமில்லை. சாவியே வேண்டாத, கையால் முறுக்குகிற சக்குகள் இப்போது நிறைய வந்துவிட்டன. வீட்டு மிஷின்களில் இனி அதுதான். அப்பாவின் மிஷினில் இருப்பது ஜேக்கப்ஸ் முறை.

உள்ளே நடப்பது இது. உருளை வடிவ எஃகு உடல் ஒன்று. அதில் சாய்வாகத் துளைத்த மூன்று வழிகள். மூன்றும் மூக்குப் பக்கம் ஒன்றையொன்று நோக்கிச் சரிகின்றன. ஒவ்வொரு வழியிலும் பென்சில் துண்டு போல ஒரு தாடை. தாடையின் வெளிமுதுகில் மரை வெட்டியிருக்கும். மூன்று முதுகுகளையும் சேர்த்துக் கவ்விக்கொண்டு வளையமாக ஒரு நட்டு. நட்டின் மேல் இறுக்கி ஏற்றிய ஓர் உறை, பட்டறையில் ஸ்லீவ். ஸ்லீவின் விளிம்பில் பற்கள். சாவியின் பற்கள் ஸ்லீவின் பற்களில் கோத்துத் திரும்ப, ஸ்லீவோடு நட்டு திரும்பும்; நட்டு திரும்பினால் மூன்று தாடைகளும் ஒரே அளவு முன்னே வந்து நடுவில் சந்திக்கும். திருப்பிச் சுற்றினால் ஒரே அளவு பின்னே போகும். ஒன்று முந்தி ஒன்று பிந்தி என்பது கிடையாது. பிடியின் நியாயம் முழுக்க அந்த ஒரே அளவில் இருக்கிறது.

சக் அப்பாவுக்குத் தெரியாமல் சரியாகிவிட வேண்டும் என்பது என் முதல் திட்டம். அவர் தூங்கும் மதியத்தில், சாவியின் கைப்பிடிக் கம்பியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கிக்கொண்டு தொங்கினேன். மட்டையடியான யோசனைகள் எல்லாமே முதலில் வெற்றி பெறப்போவது போல ஒரு நெளிவு கொடுக்கும். கொடுத்தது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். சாவியில் இரண்டு பல் போய்விட்டது. சக்குக்கு ஒன்றுமில்லை. உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது, "அது!" அந்தச் சத்தம் என்னவென்று இந்த ஊரில் தூக்கத்திலும் தெரிந்திருக்கக்கூடியவர் அவர்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அண்ணாச்சி கையில் வாங்கி ஒரு முறை உருட்டிப் பார்த்தார். "இத வச்சுக்கிட்டு என்ன சார் செய்யப்போறீங்க? வெட்டிப் போட்டுட்டு வேற சக் மாட்டுங்க. இல்ல, கேஸ் வச்சுச் சுட்டு ஒரு போடு போட்டா வந்துரும். ஆனா டெம்பர் போயிரும், அதச் சொல்லிட்டேன்." தாடைகள் கடினப்படுத்திய எஃகு. சிவக்கச் சூடு பண்ணினால் கடினம் இறங்கிப்போகும். பிறகு பிட்டின் கனத்தையே தாங்காமல் வழுக்கும். அவர் சொன்னதில் தவறே இல்லை. வியாபாரியாகவும் யோக்கியமான பேச்சு. சாவிக்கு மட்டும், உடைந்ததைக் காட்டி, அதே பல் எண்ணிக்கையில், அதே பருமன் முளையில் ஒன்று ஹார்டுவேர் கடையில் தேடி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இனி ஒளித்துப் பயனில்லை என்று அப்பாவின் நாற்காலியைப் பட்டறை வாசலில் கொண்டுபோய்ப் போட்டேன். பட்டறைக்கு அவர் ஒரு வருஷத்துக்கு மேல் வந்திருக்கவில்லை. உட்கார்ந்து கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார், சுவரில் ஸ்பேனர்களை எண்ணுகிறவர் மாதிரி பார்த்தார். மிஷினை மடியில் வைத்தேன். இடது கையால் தடவினார். சக்கின் வாயை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பிட் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சக்கை மிஷினிலிருந்து கழற்ற வேண்டும். சுழலும் தண்டில் அது மரையோடு ஏறியிருக்கிறது. சாவியைத் துளையில் செருகி, அவிழும் திசையில் மரச் சுத்தியால் சாவியின் மேல் ஒரு திடீர்த் தட்டு. மெதுவாகத் தள்ளினால் மோட்டார் கூடவே சுற்றும். திடீரென்று தட்டினால் மோட்டாரின் கனமே அதைப் பிடித்துவைத்துக்கொள்ள, மரை மட்டும் விட்டுக்கொடுக்கும். இது அப்பா சின்ன வயதில் எனக்குக் காட்டியது. நாலாவது தட்டில் வந்தது. "மரை கழண்டுருச்சு" என்று அம்மா அடுக்களையிலிருந்து சொன்னாள், யாரைப் பற்றி என்று தெளிவாக்காமல்.

பிறகு ஊறல். பக்கத்துத் தோப்பில் டிராக்டர் இருக்கிறது. அவர்களிடம் கால் லிட்டர் டீசல் வாங்கி, பால் பவுடர் டப்பாவில் ஊற்றி, சக்கை முழுகப் போட்டேன். முன்பெல்லாம் மண்ணெண்ணெய் போடுவார்கள். இப்போது மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது. துரு என்பது இரும்பு அழுகிக் குறைந்துபோவது என்று நாம் நினைக்கிறோம். குறைவதில்லை, பெருக்கிறது. தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைத் துரு அடைக்கும். தலைமுடிப் பருமன்கூட இல்லாத இடைவெளியில் வழுக்கிக்கொண்டிருந்த தாடைக்கு அப்புறம் நகர வழியேது. டீசல் அந்தத் துருவின் நுண்ணிய பிளவுகளில் ஏறிச் செல்ல வேண்டும். அது தன்னால் ஏறும், நாம் ஏற்ற முடியாது. நாளைக்கு ஒருமுறை எடுத்து மரச் சுத்தியால் சுற்றிலும் சின்னதாகத் தட்டிவிட்டு மறுபடி போடுவேன். ஒன்பது நாள். கவுண்டரில் ரூபாய் எண்ணும்போது விரல்களில் டீசல் வாடை. எதிரே நின்ற ஓர் அம்மாள் நோட்டை முகர்ந்து பார்த்தாள்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அய்யனார் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா எழுந்து நடந்தால் பொங்கல் வைப்பதாக வேண்டுதல். அவர் இன்னும் ஒழுங்காக நடக்கவில்லை. அதை ஞாபகப்படுத்தவே போவதாகச் சொன்னாள். ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைத் தாண்டி மலைக்குள் போகிற வழி. 2021 முதல் இதெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். ஆற்றில் வெள்ளம் என்றால் வனத்துறை விடாது. அன்றைக்குத் தண்ணீர் கணுக்கால் அளவுதான். நீர்காத்த அய்யனார் என்று பெயர். ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து வருவதால் பெயரில் நியாயம் இருக்கிறது. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை, அம்மாவுக்குத் துணைக்குப் போகிறவன். எங்கள் பக்கத்து அய்யனார் கோவில்களில் கருப்பசாமிக்கு நேர்ந்த அரிவாள்களையும் வேல்களையும் மண்ணில் குத்தி நிறுத்தியிருப்பார்கள். மழையில் நனைந்து, காய்ந்து, செதில் செதிலாக உதிர்ந்து நிற்கும். அவற்றுக்கு யாரும் எண்ணெய் போடுவதில்லை. போடக்கூடாது என்றும் இல்லை, அது யாருடைய வேலையும் இல்லை. இரும்பை அதன் போக்கில் விட்டுவிட்ட ஒரே இடம் அதுதான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அம்மா, "என்னய்யா சாமியப் பாக்காம இரும்பப் பாத்துக்கிட்டு நிக்க" என்றாள்.

பத்தாம் நாள் புதுச் சாவியைப் போட்டேன். அப்பா நாற்காலியில். திருகாதே என்பது போல இடது கையை அசைத்தார். கட்டை விரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, முன்னே ஒரு நூல், பின்னே ஒரு நூல் என்று காட்டினார். அவிழ்க்க வேண்டியதை முதலில் இறுக்கு, பிறகு அவிழ், மறுபடி இறுக்கு. இந்த ஆட்டம்தான் அரை மணி நேரம். சாவியில் முதலில் உணர்ந்தது அசைவு என்று சொல்ல முடியாது. அசைவின் உத்தேசம் என்று வேண்டுமானால் சொல்லலாம். பிறகு ஒரு மயிரிழை. பிறகு கறுப்பும் சிவப்புமாக ஒரு குழம்பு தாடைகளின் ஓரத்தில் பிதுங்கியது. பிட் விழுந்தது. சிமெண்டுத் தரையில் அது விழுந்த சத்தத்துக்கு அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் சிரிக்கும்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சாவி மணல் அரைபடுவது போல நறநறத்தது. அப்பா முகத்தைச் சுளித்தார். பிரித்தாக வேண்டும்.

தாடைகளை உடலின் மூக்கோடு சமமாக உள்ளே இழுத்துவிட்டு, ஸ்லீவின் விளிம்பை மட்டும் தாங்கும்படி ஒரு குழாய்த் துண்டை வைத்து, உடலை மட்டும் தள்ளும்படி வைஸில் வைத்து இறுக்க வேண்டும். குழாய் தேடியது ஒரு நாள் வேலை; அந்த அளவுக் குழாய் அப்பாவின் பழைய சாமான் பெட்டியில், அதற்கென்றே வெட்டி வைத்ததுபோல இருந்தது. அதற்கென்றேதான் வெட்டியிருக்க வேண்டும். வைஸை முறுக்கிக்கொண்டே போக, ஸ்லீவ் ஒரு முனகலோடு கழன்றது. நட்டு வெளியே வந்தது, இரண்டு துண்டாக.

உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்பா தலையை ஆட்டினார். துண்டுகளை வாங்கி, இடது கையில் வைத்து, முறிந்த முகங்களை ஒன்றோடொன்று பொருத்தினார். ஒட்டிக்கொண்டன, கோடுகூடத் தெரியவில்லை. நட்டை முழு வளையமாகச் செய்து, மரை வெட்டி, பிறகு வேண்டுமென்றே உடைக்கிறார்கள். முழு வளையத்தை உடலின் நடுவிலிருக்கும் பள்ளத்தில் மாட்ட வழியில்லை. இரண்டாக இருந்தால்தான் ஏறும். அறுத்தால் அறுத்த அகலம் நஷ்டமாகும், மரை தப்பிப்போகும். உடைத்தால் ஒன்றும் நஷ்டமில்லை. முறிவின் மேடுபள்ளங்களே துண்டுகளுக்கு அவற்றின் இடத்தைச் சொல்லும். வேறு எந்தத் துண்டோடும் சேராது. நான் பதினைந்து வருஷமாக உருவம், முழுமை, சிதைவு என்றெல்லாம் எழுதிவருகிறவன். இது எனக்குத் தெரியாது.

உள்ளே நான் எதிர்பார்த்தது துரு. துரு இருந்தது. ஆனால் மரைகளின் பள்ளங்களில் அடைந்து கிடந்தது வேறு. சாம்பல் நிறத்தில், பழைய கிரீஸோடு குழைந்து காய்ந்து, பல்லில் காரை போல இறுகின பொருள். சிமெண்டில் புதைந்த கம்பி துருப்பிடிப்பதில்லை என்பார்கள். சிமெண்டின் காரம் அதைக் காக்கும். ஆனால் பழைய பரணின் பூச்சில் அந்தக் காரம் காற்றில் போய் வருஷக்கணக்காகியிருக்கும். மிஞ்சியது மணலும் தூளும். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது.

நான் ஆணி முனையால் அதைச் சுரண்டித் தட்டில் போட்டேன். அப்பா கையை நீட்டினார். ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவே நசுக்கிப் பார்த்தார். இரும்புத் தூள் வேறு மாதிரி நசுங்கும், மரத்தூள் வேறு மாதிரி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம், பரண் இருக்கிற திசையில், என் புத்தகங்கள் தொங்கும் திசையில் பார்த்தார். பிறகு என்னை.

"அது" என்றார்.

அந்தச் சொல்லில் கோபம் இல்லை. கோபம் எப்படி ஒலிக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கேள்வியும் இல்லை. ஒரு ஃபிட்டர் கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தவுடன் சொல்வது அது; மில்லில் இருபத்தைந்து வருஷம் அவர் தினமும் சொல்லியிருக்கக்கூடியது. "ஆமாப்பா, தொடைக்கல" என்றேன். இரண்டு வருஷத்துக்கு முந்திய சாயங்காலத்துக்குப் பதில். அவர் தூளைத் தட்டிலேயே தட்டிவிட்டு, விரலை என் சட்டையில் துடைத்தார்.

சுத்தம் செய்தது மூன்று சாயங்காலங்கள். பழைய டூத் பிரஷ், பித்தளைக் கம்பி பிரஷ், தாடை வழிகளுக்கு ஒரு குச்சியில் சுற்றிய துணி. எமரித் தாளை எடுத்தபோது அப்பா வெடுக்கென்று வாங்கித் தூரப் போட்டார். எமரி துருவை மட்டும் தின்னாது, அளவையும் தின்னும். ஸ்லீவின் வெளிப்பக்கம் மட்டும் தேய்க்க விட்டார். அழகுக்குத்தானே, போகட்டும் என்கிற மாதிரி.

பூட்டும்போது தவறு செய்தேன். மூன்று தாடைகளும் ஒன்றுபோலவே இருந்தன. எது எந்த வழியில் வந்தது என்று நான் குறித்து வைக்கவில்லை. கைக்கு வந்தபடி போட்டு, மூன்றையும் சமமாக நிறுத்தி, நட்டின் இரண்டு துண்டுகளையும் மேலே பொருத்தி விரல்களால் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். தாடைகள் வந்தன. சந்திக்கும் இடத்தில் ஒன்று முந்தி நின்றது, ஒன்று பிந்தி. ஸ்லீவை ஏற்றினால் சரியாகிவிடும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கும்போது அப்பா கையை நீட்டி, கட்டை விரலை மூன்று முனைகளின் மேலும் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். கழற்று என்று சைகை.

கழற்றிய தாடைகளை ஒவ்வொன்றாக வாங்கினார். வேட்டி முனையால் துடைத்தார். பக்கவாட்டில், நான் கீறல் என்று நினைத்துத் தேய்த்துவிட்டிருந்த இடத்தில், வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டினார். கீறல் இல்லை, எண். மரை ஒரு சுருள் அல்லவா. அது மூன்று முதுகுகளின் மேலும் சுற்றிக்கொண்டு போகிறது. அதனால் ஒவ்வொரு தாடையிலும் மரையின் ஆரம்பம் முந்தினதைவிட மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்கும். ஆகவே இவை ஒன்றுபோல இல்லவே இல்லை. வரிசை மாறினால் மூன்றும் சேர்ந்து எந்தக் காலத்திலும் நடுவுக்கு வராது.

அப்பா முதல் தாடையைத் தட்டில் வைத்தார். "ஒண்ணு" என்றார்.

நான் அம்மாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. இரண்டாவதை வைத்தார். "ரெண்டு." மூன்றாவதை விரல்களில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் வைத்தார். "மூணு."

பதினான்கு மாதத்தில் அது அல்லாத முதல் மூன்று சொற்கள். டாக்டரிடம் பிறகு சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. எண்ணுவது, வசவு, பாட்டு, சாமி பேர் போன்றவை பல பேருக்கு மிஞ்சும். அவை வரிசையாகத் தடம் பதிந்தவை, பேச்சைப் போல ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோக்க வேண்டியவை அல்ல என்றார். இதனால் பேச்சு திரும்பிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றும் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் அம்மா இரண்டு நாள், "நாலு சொல்லுங்க, அஞ்சு சொல்லுங்க" என்று முன்னால் உட்கார்ந்து கெஞ்சினாள். வரவில்லை. அவளைப் பார்த்து அது, அது என்று கத்தினார்.

அப்பாவின் வரிசையில் தாடைகளைப் போட்டேன். நட்டைப் பொருத்தி, ஸ்லீவை வைஸில் வைத்து ஏற்றினேன். கிரீஸ் டப்பாவைத் திறந்ததும் வேண்டாமென்றார். கிரீஸ் தூளுக்கு வாசல். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, அதையும் துணியால் ஒற்றி எடுக்கச் சொன்னார். சாவியைப் போட்டுச் சுற்றியபோது மூன்று முனைகளும் ஒரு புள்ளியில் வந்து மூடின. பழைய மிஷின், பிட்டை மாட்டி ஓட்டினால் நுனியில் ஒரு மெல்லிய தள்ளாட்டம் இருக்கத்தான் செய்கிறது. அது சக்கினுடையதா, நான் குழாய் போட்டுத் தொங்கியதன் பலனா என்று அப்பா சொல்லக்கூடும். நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை குளியலறையில் ஓட்டை போட்டேன். டைல்ஸுக்குச் சம்மட்டி அடி கூடாது. இந்த மிஷின் அதற்கு வாகு. பென்சிலால் நாலு குறி. அப்பா வாசலில், நாற்காலியில். முதல் ஓட்டை முடிந்து மிஷினை நிறுத்தியதும், "ஒண்ணு." அடுத்தது, "ரெண்டு." கீழ்த் தகட்டில் ஒன்று, "மூணு." நாலாவது போட்டு நிமிர்ந்து பார்த்தேன். உதட்டைக் குவித்தார். நாக்கு மேலே போய்த் தேடியது.

"அது" என்றார்.

கம்பியைப் பூட்டி, நான் தொங்கிப் பார்த்தேன். தாங்கியது. அப்பாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்ல நினைத்தேன். அவர் கம்பியைப் பார்க்கவில்லை. மிஷினைக் காட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். மூக்கைக் கீழே பிடித்து, சக்கைத் திறந்து, பக்கத்தில் தட்டினேன். வெள்ளையாகக் கொஞ்சம் தூள் ஈரத் தரையில் விழுந்தது. இன்னும் தட்டச் சொன்னார். தட்டினேன்.